தண்ணீர் போக வழி

நியூயார்க்கின் குவீன்ஸில் நாங்கள் குடியிருந்த மரவீடு 1920களில் கட்டப்பட்டது. அந்த வீட்டில் குளிர்காலத்தைக் காதால்தான் முதலில் உணர்ந்தோம். விடியலுக்குச் சற்று முன் பேஸ்மென்டில் பாய்லர் பற்றிக்கொள்ளும். கொஞ்ச நேரம் ஒன்றும் கேட்காது. பிறகு சுவருக்குள் ஒரு முனகல், இரும்பு சூடேறி நீளும் 'டிக் டிக்', அப்புறம் படுக்கையறை ரேடியேட்டரின் அடியில் 'டணார்' என்று ஓர் அடி. தரைக்குக் கீழே யாரோ கருமான் பட்டறை திறந்துவிட்டது போல அடுத்தடுத்து விழும். குழந்தை தூக்கத்தில் துள்ளி எழுவாள்.

பழைய வீடு, ஆவி ஏறினால் அப்படித்தான் இருக்கும் என்று மாடியில் இருந்தவர் சொல்லிவிட்டார். எனக்குப் பெரியப்பா நினைவுக்கு வந்தார்.

பெரியப்பா திருச்சியில் மீட்டர்கேஜ் நீராவி எஞ்சின் ஓட்டியவர். வண்டி புறப்படும்போது சக்கரங்களுக்குப் பக்கத்திலிருந்து ஆவியும் கொதிநீருமாக இரண்டு பக்கமும் பீய்ச்சி அடிக்கும். பிளாட்பாரத்தில் நிற்கும் பிள்ளைகள் நாங்கள் பின்னால் ஓடுவோம். அது எதற்கு என்று ஒருநாள் கேட்டேன். "நின்ன எஞ்சினுக்குள்ள ஆவி குளுந்து தண்ணியா கெடக்கும்டா. ஆவிய நசுக்கலாம், தண்ணிய நசுக்க முடியாது. அத வெளிய விடாம கிளப்பினா சிலிண்டர் மூடியே பிச்சுக்கும்" என்றார். அதே ஊரின் பொன்மலை ரயில் பணிமனை ஊட்டி மலை ரயிலுக்காக இந்த நூற்றாண்டிலும் புதிதாக நீராவி எஞ்சின் கட்டியது. அங்கேயும் ஓட்டுநர் புறப்படும் முன் தண்ணீரை வெளியே விட்டாக வேண்டும்.

ஆக, எங்கள் சுவருக்குள் அடித்துக்கொண்டிருந்தது ஆவி இல்லை, போக இடமில்லாத தண்ணீர்.

அந்த வீட்டில் இருந்தது ஒற்றைக்குழாய் முறை. ஒரே குழாயில் ஆவி மேலே ஏறும். ரேடியேட்டருக்குள் குளிர்ந்து தண்ணீராகி, அதே குழாய் வழியாகக் கீழே இறங்கி பாய்லரைச் சேரும். பம்பு கிடையாது. ஒரு கிராம் ஆவி தண்ணீராக மாறும்போது 540 கலோரி வெப்பத்தை விட்டுச் செல்கிறது. அறையைச் சூடாக்குவது அந்த மாற்றம்தான். ஏறும் ஆவியும் இறங்கும் தண்ணீரும் ஒன்றையொன்று கடந்து போக வேண்டும் என்பதால் எல்லாவற்றுக்கும் வாட்டம் வைத்துக் கட்டினார்கள். ரேடியேட்டர்கூட வால்வு இருக்கும் பக்கமாகக் கண்ணுக்குத் தெரியாத அளவு சாய்ந்து நிற்க வேண்டும்.

நூறு வருஷத்தில் மரவீடு ஒரே நிலையில் இருக்காது. உத்திரம் தாழும், பலகை தேயும், அத்தனை கனமான வார்ப்பிரும்பின் கால்கள் தரையில் மெல்லப் பதியும். எங்கள் ரேடியேட்டரின் மேல் ரசமட்டத்தை வைத்துப் பார்த்தபோது குமிழி வால்வுப் பக்கம் ஏறி நின்றது. அதாவது தண்ணீர் வால்வை நோக்கி வராமல் எதிர்க் கோடியில் தேங்கிக்கொண்டிருந்தது. ஆவி வேகமாக வந்து அந்தத் தண்ணீரை அள்ளிக்கொண்டு போய் இரும்பின் மேல் மோதும். குளிர்ந்த தண்ணீருக்குள் மாட்டிய ஆவி சட்டென்று சுருங்கும்போது, அந்த வெற்றிடத்தை நிரப்பப் பாய்கிற தண்ணீர் இன்னொரு அடி அடிக்கும்.

இதே அடி தெருவையே பிளந்திருக்கிறது. மன்ஹாட்டனில் 1882 முதல் தெருவுக்கு அடியில் குழாய் போட்டு ஆவி விற்கிறார்கள். சாலையில் ஆவி புகைவதைப் படங்களில் பார்த்திருப்பீர்கள். 2007 ஜூலை 18 மாலை, லெக்சிங்டன் அவென்யூவில், கிராண்ட் சென்ட்ரல் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில், 1924ல் பதித்த குழாய் ஒன்று வெடித்தது. சேறும் ஆவியும் பக்கத்துக் கட்டடங்களுக்கு மேலே எழுந்தன. ஒருவர் இறந்தார், பல பேருக்குக் காயம். மழைநீர் பட்டுக் குளிர்ந்த குழாயில் உள்ளே தண்ணீர் சேர, அதை வெளியேற்ற வேண்டிய பொறி அடைத்துக்கொண்டிருந்தது என்று விசாரணையில் தெரிந்தது. வீட்டு ரேடியேட்டரின் அழுத்தம் அதோடு ஒப்பிட்டால் மிக அற்பம், அப்படி வெடிக்காது. ஆனாலும் அந்தச் செய்தியை அறிந்த பிறகு விடியற்காலைச் சத்தத்தைப் 'பழைய வீடு' என்று சொல்லிக் கடந்துபோக எனக்கு மனம் வரவில்லை.

பழுது பார்க்க வந்தவர் வயதானவர், ஆயுள் முழுக்க ஆவிக் குழாயோடு இருந்தவர். கோடிப் பக்கத்துக் கால்களை நெம்பித் தூக்கி அடியில் மரத்துண்டுகளைச் செருகினார். குமிழி எதிர்ப்பக்கம் நகர்ந்தது. பிறகு பேஸ்மென்டுக்கு இறங்கினோம். அங்கே ஒரு கிளைக்குழாயைத் தாங்கிய கொக்கி கழன்று, குழாய் நடுவில் தொய்ந்திருந்தது. அந்தத் தொய்விலும் தண்ணீர். பழைய கல்நார் உறையை உரித்துவிட்டு வேறு உறை போடாமல் விட்டிருந்ததால் ஆவி பாதி வழியிலேயே குளிர்ந்து அங்கே விழுந்துகொண்டிருந்தது. கல்நாரை எடுத்தது சரி, அது நுரையீரலுக்கு எமன். குழாயை வெற்றுடம்பாக விட்டதுதான் தவறு.

பாய்லரில் யாரோ அழுத்தத்தை ஏற்றி வைத்திருந்தார்கள். அவர் அதை இரண்டு பவுண்டுக்கும் கீழே இறக்கினார். அழுத்தம் கூடினால் சூடு கூடும் என்பது பலருடைய நம்பிக்கை. வீட்டைச் சூடாக்கும் ஆவிக்கு அதிக அழுத்தம் தேவையே இல்லை, வழி இருந்தால் போதும்.

எனக்கு மறக்காதது அவர் சொன்ன இன்னொரு விஷயம். 1918 இன்ஃப்ளுயன்சா கொள்ளைநோய்க்குப் பிறகு, நல்ல காற்றுக்காகக் குளிரிலும் ஜன்னலைத் திறந்து வைக்கச் சொன்னார்கள். கடுங்குளிர் நாளில் ஜன்னல் திறந்திருந்தாலும் அறை சூடாக இருக்க வேண்டும் என்று கணக்குப் போட்டு ரேடியேட்டர்களைப் பெரிதாக வைத்தார்கள். எங்கள் அறையில் நின்றதும் அப்படிப்பட்ட ஒன்றுதான். கொரோனா காலத்தில் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு ஜனவரியில் உட்கார்ந்திருந்தபோது, முகம் தெரியாத அந்தப் பொறியாளர்களை நன்றியோடு நினைத்தேன்.

இப்போது அப்படிப்பட்ட வீடுகளில் ஜன்னல்கள் இறுக்கி மூடிக் கிடக்கின்றன. அறை வெந்து போகிறது. தாங்காமல் வால்வைப் பாதி மூடுகிறார்கள். பாதி மூடிய வால்வில் ஆவி நுழைந்துவிடும், திரும்பி வருகிற தண்ணீருக்குத்தான் இடம் இருக்காது. பழையபடி 'டணார்'.

பெரியப்பாவிடம் இதைச் சொல்லியிருந்தால் ஆச்சரியப்பட்டிருக்க மாட்டார்.

பாஸ்டனிலோ நியூயார்க்கிலோ நியூஜெர்சியிலோ பழைய வீட்டுக்குக் குடி போகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். வால்வை முழுதாகத் திறங்கள் அல்லது முழுதாக மூடுங்கள், நடுவில் நிறுத்தாதீர்கள். ரசமட்டத்தை வைத்து வாட்டத்தைப் பாருங்கள். வால்வுக்கு எதிர்ப்பக்கத்தில் இருக்கும் சிறிய காற்றுப்போக்கி ஓயாமல் சீறினாலோ, ரேடியேட்டர் சூடே ஏறாமல் கிடந்தாலோ, அதை மாற்றச் சொல்லுங்கள், பெரிய செலவில்லை. சூடு அதிகமென்றால் வெப்பத்தைப் பார்த்துத் தானே அடங்கும் வால்வை அந்தக் காற்றுப்போக்கியோடு பொருத்தச் சொல்லுங்கள். பாய்லரில் மட்டும் நீங்களாகக் கை வைக்காதீர்கள். வீட்டுக்காரர் 'பழைய வீடு அப்படித்தான்' என்றால் ஒப்புக்கொள்ளாதீர்கள். சரியாகப் பராமரித்த ஆவி ரேடியேட்டர் சத்தம் போடாது.