வைகை 71 அடி... உங்க கேம் எத்தனை அடி?

இந்த வாரம் உங்களைப் பெரியகுளத்தில் பஸ் ஏத்தி விடப்போறோம். வைகை அணை போற பஸ்ஸா பார்த்து ஜன்னல் சீட்டைப் பிடிங்க. வடுகபட்டி வந்தா பூண்டு வாசனை உள்ளே வரும். 'வைரமுத்து வளர்ந்த ஊரு தம்பி'னு பக்கத்து சீட் அண்ணன் சொல்லாம விடமாட்டார். மேல்மங்கலம் தாண்டினா நாம இறங்க வேண்டிய ஜெயமங்கலம். வராக நதி, நெல் வயல், தென்னந்தோப்பு, வடக்கே கொடைக்கானல் மலை... அவ்வளவுதான் ஊர். அருவி கிடையாது, போட்டிங் கிடையாது. அப்புறம் எதுக்குய்யா இங்கே கூட்டிட்டு வந்தீங்கனு முறைக்காதீங்க. ஒரு கணக்கு கத்துக்கத்தான்!

ஒரு ஆன்லைன் கேம் ஹிட்டா, ஃபிளாப்பானு எப்படிக் கண்டுபிடிக்கறாங்க? எத்தனை பேர் ஆடுறாங்க, எத்தனை பேர் விடாம ஆடுறாங்கனு எப்படி எண்ணுறாங்க? பெரிய கம்பெனிகள் ஒரு பட்டாளத்தையே வேலைக்கு வெச்சுப் போடுற கணக்கு இது. ஆனா, இதோட அடிப்படை இந்த ஊர் டீக்கடை பெஞ்ச்சிலேயே கிடைச்சுடும்.

டீக்கடை பேப்பர்

தேனி மாவட்டத்தில் காலையில் பேப்பரை விரிச்சா, சினிமா செய்திக்கு முன்னாடி தேடுறது அணை நீர்மட்டத்தைத்தான். வைகை அணை முழு அளவு 71 அடி. மேலே, வராக நதிக்குத் தண்ணி தர்ற சோத்துப்பாறை 126 அடி சொச்சம். நீர்மட்டம் மட்டும் போட்டா இங்கே யாரும் விடமாட்டாங்க. வரத்து எவ்வளவு, வெளியேற்றம் எவ்வளவு, இருப்பு எவ்வளவு... மூணும் வேணும். 'நேத்து மழையில நல்ல தண்ணி வந்துச்சு'னு நீங்க சந்தோஷமா சொன்னா, பக்கத்தில் டீ குடிக்கிற பெரியவர் ஒரே கேள்வி கேட்பார்: 'வந்துச்சு சரி... நிக்குதா?'

அந்தக் கேள்விக்குத்தான் கேம் உலகத்தில் 'ரிடென்ஷன்'னு பேரு!

வந்தது வேற, நின்னது வேற

பிளே ஸ்டோரில் ஒரு கேமுக்குக் கீழே '10 கோடி+'னு போட்டிருக்கும். பார்த்ததும் வாயைப் பிளக்கறோம். ஆனா, அது வெறும் வரத்து. ஆரம்பத்திலிருந்து இறக்கினவங்க மொத்தமும் சேர்ந்த கூட்டல். 10 நிமிஷம் ஆடிட்டு 'ச்சே, போர்'னு தூக்கிப் போட்டவரும் அதில் அடக்கம்.

பப்ஜி மொபைலையே எடுத்துக்கங்க. 2018-ல் வந்தது. 2016-ல் ஜியோ வந்து டேட்டா மலிவாகியிருந்த நேரம். சும்மா இருப்பாங்களா நம்மாளுங்க? 2020-ல் இந்தியாவில் தடை வந்தப்போ மொத்த டவுன்லோடு சுமார் 17.5 கோடி. ஆனா, மாசா மாசம் நிஜமா ஆடிட்டிருந்தவங்க 4 கோடிக்குக் கொஞ்சம் மேலேனுதான் அப்போ மதிப்பிட்டாங்க. மிச்சமெல்லாம் மதகு வழியா போன தண்ணி!

'ஒரே நேரத்தில் இத்தனை பேர் ஆடினாங்க'ங்கற ரெக்கார்டு இன்னொரு வகை. கம்ப்யூட்டரில் ஆடுற 'ஸ்டீம்' தளத்தில் பப்ஜி 2018 ஜனவரியில் 32.5 லட்சம் பேரைத் தொட்டது. பிரமாதம்தான். ஆனா, அது வெள்ளத்தோட உச்சம். கோடையில் அணை எத்தனை அடினு அதை வெச்சுச் சொல்ல முடியாதே!

எந்த நம்பரை வெளியே காட்டுறாங்கங்கறதும் ஒரு சேதிதான். 'வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்' 2010-ல் 1.2 கோடி சந்தாதாரர்கள்னு மார்தட்டியது. 2015-ல் அது 55 லட்சமா இறங்கினதும், 'இனிமே இந்த நம்பரைச் சொல்லப்போறதில்லை'னுட்டாங்க. மார்க் ஷீட்டை ஒளிச்சு வெச்ச நமக்கு இது புரியாதா என்ன?

1, 7, 30

சரி, நின்னவங்களை எப்படி எண்ணுறது? சும்மா ஒரு உதாரணம். பொங்கல் லீவில் ஜெயமங்கலம் சுத்துவட்டாரத்தில் 100 பேர் ஒரே நாளில் ஒரு கேமை இறக்கறாங்கனு வெச்சுக்கங்க. அந்த 100 பேர்தான் ஒரு செட். மறுநாள் திரும்பி வந்தது 40 பேர். 'டே 1' ரிடென்ஷன் 40 சதவிகிதம். ஏழாம் நாள் 15 பேர். முப்பதாம் நாள் 6 பேர். அந்த 6 பேர்தான் கேமோட நிஜமான சொத்து.

எதுக்கு அதே 100 பேரையே விடாமத் துரத்தணும்? புதுசா விளம்பரம் கொடுத்து இன்னொரு 100 பேரை இழுத்துட்டா, மொத்த எண்ணிக்கை ஏறின மாதிரியே தெரியும். அணையில் ஓட்டை இருக்கறதே வெளியே தெரியாது. மழை நின்னதும்தான் குட்டு உடையும்!

'ஸ்டிக்கினஸ்'னு இன்னொண்ணு. தினம் ஆடுறவங்க சராசரியை, மாசம் ஒரு தடவையாவது ஆடினவங்களால் வகுக்கணும். மாசத்துக்கு 60 பேர், தினம் சராசரி 15 பேர்னா 25 சதவிகிதம். அதாவது, ஒருத்தர் மாசத்தில் ஏழெட்டு நாள் எட்டிப் பார்க்கறார். அந்த ஏழை எப்படி இருபதாக்கறது? அதுக்குத்தான் தினசரி லாகின் பரிசு, ராயல் பாஸ், 'இன்னும் 2 நாள் மட்டுமே' ஈவென்ட்டெல்லாம். ஒருநாள் வராட்டி எதையோ இழந்த ஃபீலிங் உங்களுக்கு வருதா? அது தானா வரலை பாஸ், வரவழைச்சது!

மடையை அடைச்சாங்க

2020 செப்டம்பர் 2. பப்ஜி உட்பட 118 ஆப்களுக்கு மத்திய அரசு தடை. அக்டோபர் 30-ல் சர்வரும் நின்னது. எந்தக் கணக்குப் புலியாலும் கணிக்க முடியாத 'ரிடென்ஷன்': பூஜ்யம். 2021 ஜூலையில் பி.ஜி.எம்.ஐ.ங்கற பேரில் இந்தியாவுக்குனு தனியா வந்தது. ஒரே வருஷத்தில் 10 கோடி பேர் பதிவு பண்ணினாங்க. 2022 பிப்ரவரியில் ஃப்ரீ ஃபயருக்குத் தடை. ஜூலையில் பி.ஜி.எம்.ஐ.யும் ஸ்டோரிலிருந்து காணாமப் போச்சு. 2023 மே மாசம் மறுபடி அனுமதி. இந்த முறை, 18 வயசுக்குக் கீழே 3 மணி நேரம், மத்தவங்களுக்கு 6 மணி நேரம்னு தினசரி வரம்போட!

இத்தனை தடவை அடைச்சும் கூட்டம் ஏன் திரும்பி வந்தது? துப்பாக்கி சத்தத்துக்காக மட்டுமா? பிளஸ் டூ முடிஞ்சதும் ஜெயமங்கலம் மாதிரி ஊர்களில் ஒரு செட் எப்படிச் சிதறும்னு யோசிங்க. ஒருத்தன் கோயம்புத்தூர் காலேஜ். ஒருத்தன் திருப்பூர் பனியன் கம்பெனி. ஒருத்தன் கம்பம் மெட்டு தாண்டி இடுக்கி ஏலத்தோட்டம். ஒருத்தன் மட்டும் அப்பாகூட வயலில். ராத்திரி 9 மணிக்கு 'மாப்ள, வர்றியா?'னு ஒரு மெசேஜ். நாலு பேர் ஒரு ஸ்குவாடு. சுடுறது கொஞ்சம், ஊர்க்கதை நிறைய. கம்பெனி கணக்கில் இது 'நாலு ஆக்டிவ் யூஸர்'. நமக்கோ, ஊர்விட்டு ஊர் போன அதே டீக்கடை பெஞ்ச்!

ஆனா, இதோட மறுபக்கத்தையும் பார்த்தே ஆகணும். நாளைக்கு அரியர் எக்ஸாம். ராத்திரி 2 மணி. கண்ணு எரியுது. கூட்டாளிங்க எல்லாம் தூங்கப் போயாச்சு. 'ஒரே ஒரு மேட்ச்'னு ஒருத்தர் மட்டும் உட்கார்ந்திருக்கார். கம்பெனி கணக்கில் அவரும் 'ஒண்ணு'. நண்பனைப் பார்க்க வந்தவருக்கும், நிறுத்த முடியாம வந்தவருக்கும் அந்தக் கணக்கில் வித்தியாசமே கிடையாது. அது கேட்கறது 'வந்தாரா?' மட்டும்தான். 'ஏன் வந்தார்?'னு கேட்க வேண்டியது நாமதான்.

உங்க அணை, உங்க ஸ்கேல்

அதனால, ஒரு சின்ன புராஜெக்ட். ஹாஸ்டல் ரூம் காலண்டரில் 30 நாளுக்குக் குறிச்சு வாங்க. ஆடின நாளுக்கு ஒரு டிக். பக்கத்திலேயே காரணம்: நண்பர்களுக்காகன்னா 'ந', பரிசு போயிடுமேன்னா 'ப', சும்மா கை போச்சுன்னா 'கை'. மாசக் கடைசியில் எண்ணிப் பாருங்க. 'ந' அதிகம்னா கவலையை விடுங்க. 'கை' அதிகம்னா கொஞ்சம் உஷார்!

வைகையில் 66 அடி வந்தா முதல் வெள்ள எச்சரிக்கை. 68.5-ல் இரண்டாவது. 69-ல் மூணாவது. 71 வர்ற வரைக்கும் யாரும் காத்துக்கிட்டிருக்கறதில்லை. நீங்களும் உங்களுக்குனு மூணு எச்சரிக்கை வெச்சுக்கங்க. தூக்கம் குறைஞ்சா முதலாவது, கிளாஸ் கட் ஆனா ரெண்டாவது. மூணாவது எதுனு உங்களுக்கே தெரியும்!

ஷட்டர் சாவி கம்பெனிக்காரங்க கையிலயா, உங்க கையிலயா? முப்பதாம் நாள் காலண்டரைப் பார்த்துட்டு நீங்களே சொல்லுங்க ஃப்ரெண்ட்ஸ்!