மாத்திரையைப் போட்டுட்டு வண்டி எடுக்காதீங்க

கோயில் தொண்டர்கள் சார்பா ஒரு முக்கியமான விஷயம் சொல்றோம்.

தும்மல், மூக்கு ஒழுகல், அரிப்புன்னா நம்மில் பலர் ஒரு சின்ன மஞ்சள் மாத்திரையைப் போட்டுக்கிறோம். பிரிட்டோன்னு சொல்வோமே, அதுதான். மருந்தின் பெயர் குளோர்பெனிரமின். அதைப் போட்டுட்டு ராத்திரி பூஜை முடிஞ்சதும் ஜொகூர் பாரு வரைக்கும் சுமார் 40 கிலோமீட்டர் வண்டி ஓட்டுறோம். இங்கதான் ஆபத்து.

தூசியோ சாப்பாடோ ஒத்துக்கலைன்னா, உடம்புல உள்ள சில உயிரணுக்கள் ஹிஸ்டமின்கிற பொருளை வெளியே விடும். அது ரத்தக் குழாய்ல போய் ஒட்டினா வீக்கம், தடிப்பு. நரம்புல ஒட்டினா அரிப்பு, தும்மல். திருவிழா பார்க்கிங் மாதிரி நினைச்சுக்குங்க. ஹிஸ்டமின் நிற்க வேண்டிய இடத்துல மாத்திரை முன்னாடியே போய் நின்னுக்கும். ஹிஸ்டமினை அது அழிக்காது, இடம் கொடுக்காது, அவ்வளவுதான். இந்த வகை மருந்தை முதன்முதலா 1937-ல் பாரிஸில் கண்டுபிடிச்ச டேனியல் போவே, 1957-ல் நோபல் பரிசு வாங்கினார்.

அப்போ தூக்கம் ஏன் வருது? மூளையில நம்மை விழிப்பா வெச்சிருக்கிறதும் ஹிஸ்டமின்தான். பழைய மாத்திரை மூளைக்குள்ளேயும் போய் அதைத் தடுத்துடும். லோராட்டடின், ஃபெக்ஸோஃபெனடின் போன்ற புது மருந்துகள் மூளைக்குள்ள அதிகம் போகாது. செட்டிரிசின் சிலருக்குத் தூக்கம் தரும். எது நமக்குச் சரின்னு பார்மசிஸ்ட்கிட்ட கேளுங்க. புரோஸ்டேட், கண் அழுத்தம் உள்ள பெரியவங்க பழைய மாத்திரையை டாக்டரைக் கேட்காம போடக்கூடாது. சாம்பிராணிப் புகையால வர்ற எரிச்சல் இருமலுக்கு மாத்திரையை விட வெளிக்காத்துதான் நல்லது.

இன்னொன்னு. பிரசாதத்துல உள்ள கடலையோ முந்திரியோ, குளவிக் கடியோ ஒத்துக்காம உதடு, நாக்கு வீங்கினா, மூச்சு திணறினா, மயக்கம் வந்தா இந்த மாத்திரையை நம்பி உட்காராதீங்க. அதுக்கு அட்ரினலின் ஊசிதான் வேணும். உடனே 999-க்கு அடிங்க, பக்கத்துல இருக்கிற தொண்டரையும் கூப்பிடுங்க.

ஒவ்வாமை உள்ளவங்க பிரசாதம் வாங்கும்போதே என்ன போட்டிருக்குன்னு எங்ககிட்ட கேளுங்க, கூச்சப்படாதீங்க. மாத்திரை போட்டவங்க சாவியை வேற ஒருத்தர்கிட்ட கொடுங்க. யாரும் இல்லைன்னா மண்டபத்துல படுத்துட்டு காலையில போங்க, பாய் நாங்க தர்றோம். சாமி கும்பிட வந்தவங்க பத்திரமா வீடு போய்ச் சேரணும். குடும்பத்துல எல்லாருக்கும் அனுப்பி வைங்க.

வேலும் மயிலும் துணை.