செங்கால் நாரையைக் காணச் சென்றது

சென்ற ஆண்டு மாசித் திங்களில் எங்கள் தமிழ்மன்ற அறிவிப்புப் பலகையில் ஒட்டப்பட்டிருந்த ஓர் அறிவிப்பை அன்பர்களிற் சிலர் மறந்திருக்கமாட்டார்கள். 'சத்திமுத்தப் புலவர் பாடிய செங்கால் நாரையை நேரிற் காண விழைவோர் சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு விடுதி வாயிலிற் கூடுக' என்பது அதன் வாசகம். அதனை எழுதியவன் யானே. மன்றச் செயலாளன் என்னும் உரிமையால் எழுதினேன். அறிந்து எழுதினேனா என்பதே ஈண்டு யான் கூறப்புகுந்தது.

அப்பாட்டை அறியாத தமிழ் மாணவர் இலர். வறிய புலவர் ஒருவர் தம் ஊரைவிட்டு மதுரைக்கு வந்து, போர்த்துக்கொள்ள ஆடையுமின்றி வாடைக்காற்றில் நடுங்கிக் கிடக்கையில், வானிற் செல்லும் நாரையை விளித்துத் தம் மனைவிக்குச் செய்தி சொல்லி விடுகிறார். அந்நாரையின் அலகுக்கு அவர் காட்டும் உவமை பிளந்த பனங்கிழங்கு. பனங்கிழங்கு தின்று வளர்ந்த நெல்லைச் சீமைப் பிள்ளைகளுக்கு இதனை எவரும் விளக்கவேண்டுவதில்லை. பன்னிரண்டாம் வயது முதல் இப்பாட்டை யான் மேடைகளில் ஒப்புவித்து வருகிறேன்; இருமுறை பரிசும் பெற்றேன். ஆயின் நாரை ஒன்றையேனும் கண்டதில்லை. வெண்ணிறமும் நெடுங்காலும் உடையன யாவும் எனக்குக் கொக்குகளே. கூந்தன்குளத்துப் பறவை ஒன்றின் வண்ணப்படத்தை ஒரு நாட்காட்டியிற் கண்டேன். கால் சிவந்திருந்தது, கீழே நாரை என்று அச்சிட்டிருந்தது. வேறு சான்று எதற்கு?

எழுவர் உடன் வந்தனர்; எல்லோரும் முதலாண்டு மாணவர். திருநெல்வேலியிலிருந்து மூலைக்கரைப்பட்டி வழியாக நாற்பது கிலோமீட்டருக்குள் அடங்கும் வழி. பேருந்தில் பாட்டும் கூத்தும் குறைவின்றி நடந்தன. யான் மட்டும் சன்னலோரத்தில் அமர்ந்து, குளக்கரையில் நிகழ்த்தவேண்டிய சொற்பொழிவை மனத்துள் ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வடமாவட்டத்தார் ஏரி என்பதையும், மதுரை இராமநாதபுரத்தார் கண்மாய் என்பதையும் நாங்கள் குளம் என்போம். ஆதலின் குளம் என்றவுடன் கோயிற்குளத்தை நினைத்துவிடல் ஆகாது. கூந்தன்குளம் நாங்குநேரி வட்டத்து வயல்களுக்கு நடுவே கண்ணுக்கெட்டிய தூரம் விரிந்து கிடக்கிறது. அதனோடு காடன்குளமும் சேர்ந்து ஏறக்குறைய 129 ஹெக்டேர் பரப்பு. மணிமுத்தாற்று நீர் கால்வாய் வழியே வந்து நிரப்பினால் பறவைகள் வரும். நீர் வாராத ஆண்டில் அவையும் வாரா. அரசாங்கத்தார் 1994 ஆம் ஆண்டில் இதனைப் பறவைகள் சரணாலயம் ஆக்கினர். உலகச் சிறப்புடைய நீர்நிலைகளைக் குறிக்கும் ராம்சார் பட்டியலில் இடம்பெற்ற செய்தி 2022 ஆம் ஆண்டில் வெளிவந்தது. ஊரார் இப்பறவைகளைக் காத்துவருவதோ இவ்விரண்டிற்கும் நெடுங்காலம் முன்னரே தொடங்கியது.

அக்காவல் எத்தகையது என்பதை ஊருக்குள் நுழைந்த கணமே கற்றுக்கொண்டோம். எம்முள் ஒருவன் தன் கைப்பேசியிற் பாட்டை உரக்க வைத்திருந்தான். தெருவிற் சோழி விளையாடிக்கொண்டிருந்த ஒரு சிறுமி, ஆறேழு வயதிருக்கும், எழுந்து வந்து அவன் முன்னே நின்று, உதட்டின்மேல் விரலை வைத்து, மற்றைக் கையால் மேலே சுட்டிக் காட்டினாள். யாங்கள் நின்றது ஒரு புளியமரத்தின் அடி. அண்ணாந்தோம். கிளைதோறும் கூடுகள்! கூடுதோறும் வெண்ணிறப் பெரும்பறவைகள் நின்று எங்களைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தன. குளத்துக் கருவேல மரங்களில் இடம் போதாதபோது அவை ஊர் மரங்களிலும் வீட்டு முற்றத்து மரங்களிலும் கூடு கட்டுமாம். எச்சமும் மீன் நாற்றமும் திண்ணை வரை வரும். அவ்வூரார் அதனை வெறுக்கிலர். எச்சம் கலந்த குளத்து வண்டலை வயலுக்கு உரமாக்குவர். தீபாவளிக்கும் அவ்வூரில் வெடி வெடிப்பதில்லை. வெடியில்லாத் தீபாவளியை ஒரு பிள்ளை எங்ஙனம் பொறுக்கும் என்று எண்ணினேன். அச்சிறுமியை நோக்கியபின் அவ்வெண்ணம் நில்லாது போயிற்று. பாட்டு நின்றது. அதன்பின் அன்று முழுவதும் நாங்கள் எண்மரும் தணிந்த குரலிலேயே பேசினோம்.

காட்சிக் கோபுரத்தின்மேல் ஏறி நின்று கண்டவற்றை யெல்லாம் எழுதின் இம்மலரில் இடம் போதாது. கூழைக்கடாக்கள் நீரில் ஓடங்கள்போல் வரிசையாய் மிதந்தன. அலகே அகப்பையாக அமைந்த கரண்டிவாயன்கள் சேற்றைத் துழாவின. முக்குளிப்பான் ஒன்று மூழ்கிய இடத்தையே நோக்கியிருக்க, அது வேறோரிடத்தில் எழுந்து எங்களை ஏமாற்றியது. ஆயினும் என் கண் மஞ்சள் அலகுடைய அந்நாரைகளையே நாடிற்று. மார்பின் குறுக்கே கருநிறப் பட்டை. வாலருகே இளஞ்செந்நிறத் தூவி. தலைமுகப்பு மயிரின்றிச் சிவந்திருந்தது. அலகைப் பாதி திறந்து நீருள் அமிழ்த்தி இப்புறமும் அப்புறமும் வீசியவாறே நடக்கின்றன. மீன் அலகிற் பட்டவுடன் அலகு மூடிக்கொள்ளும், கண்ணாற் காணவேண்டுவதில்லை. பதினொரு மணியளவில் வெயில் ஏறிற்று. அப்பொழுது கூட்டில் நின்ற தாய்நாரை ஒன்று தன் சிறகுகளைப் பாதி விரித்துக் குனிந்து, குஞ்சுகளின்மேல் நிழல் செய்து நின்றது. கால் மணி நேரம் யான் கடிகாரத்தைப் பார்த்திருந்தேன், அது அசையவில்லை. ஆகாயத்துப் பறவைகளைக் கவனித்துப் பார்க்கும்படி மலைப்பிரசங்கத்தில் ஆண்டவர் சொன்னதை எத்தனையோ ஞாயிறுகளிற் கேட்டிருக்கிறேன். கவனித்துப் பார்த்தது அன்றுதான்.

பின்னர் ஒரு வேப்பமர நிழலில் என் சொற்பொழிவு தொடங்கிற்று. 'நண்பர்காள்! சத்திமுத்தப் புலவர் கண்ட நாரை இதுவே. இதன் செங்காலை நோக்குமின்! இதன் அலகை நோக்குமின்!' என்று தணிந்த குரலிலேயே முழங்கினேன். (தணிந்த குரலில் முழங்குவது இயலுமோ எனின், செயலாளர்க்கு இயலும்.) அருகே ஆட்டுக்குட்டி ஒன்றைப் பிடித்துக்கொண்டு நின்ற முதியவர் முற்றும் கேட்டுவிட்டு, "தம்பி, நீங்க சொல்லுத நாரைக்கு மூக்கு என்ன நிறம்?" என்றார்.

"பவளம்போற் சிவந்தது, தாத்தா."

"இதுக்கு மஞ்சள்லா இருக்கு."

யான் வாளாவிருந்தேன். அவர் மேலும் சொன்னார்: "மூக்கும் செவப்பு, காலும் செவப்பா இன்னொண்ணு வரும். வயக்காட்டுல நாலஞ்சு நிக்கும். ஒரு வருசம் வரும், ஒரு வருசம் வராது. இங்கன கூடு கட்டாது. வெயில் ஏறுமுன்ன போயிரும். இது அப்படியில்ல தம்பி. இது நம்ம ஊருப் பிள்ளைலா, இங்கனயே பொறந்தது. இது எந்த வடக்க போயி யாருக்குச் சேதி சொல்லும்?"

அவர் ஏளனமாய்ச் சொன்னாரல்லர். முதலாண்டு மாணவர் எழுவரும் என் முகத்தை நோக்கினர். அப்பொழுது யான் செய்ததே பெரும்பிழை. 'புலவர்கள் நிறத்தைச் சிறிது மாற்றிப் பாடுவது மரபு' என்று கூறிச் சொற்பொழிவை முடித்துவிட்டேன். அவர்கள் நம்பினர். என்னை நம்பாமல் வேறு யாரை நம்புவர்? முதியவர் ஒன்றும் கூறாது ஆட்டுக்குட்டியை ஓட்டிக்கொண்டு சென்றார்.

அன்றிரவு விடுதியில் விளக்கணைக்கும் வரை அப்பாட்டையே நோக்கியிருந்தேன். ஏழாண்டுகளாக என் நாவில் இருந்த பாட்டு. அதில் அப்பறவை தன் பேட்டுடன் தென்கோடிக் குமரியில் ஆடி வடதிசைக்குத் திரும்புவது என்று புலவர் தெளிவாகவே சொல்லியிருக்கிறார். திரும்புவது! வாடைக் காலத்தில் வந்து மீளும் பறவையை அன்றி, இங்கேயே கூடுகட்டி வாழும் பறவையைத் தூது செல்லுமாறு அவர் எதற்காக வேண்டுவார்? நிறமும் வழியும் காலமும் அவர் பிழையறச் சொல்லியிருக்கவும், யானே அவர்மேற் பொய் ஏற்றினேன். மறுநாள் நூலகத்திற் பறவை நூலைப் புரட்டினேன். வெண்ணாரை என்றும் செங்கால் நாரை என்றும் வழங்கும் பறவை வேறாகவே இருந்தது. அலகும் காலும் சிவந்தது; நம் நாட்டிற்குக் குளிர்காலத்தில் மட்டும் வருவது. கையெழுத்திடவும் அறியாத முதியவர் ஒருவர் அப்பாட்டுக்கு உரை சொன்னார் என்றே எனக்குத் தோன்றிற்று. அவர் கையெழுத்திட அறிவாரோ மாட்டாரோ, யானறியேன்; அப்படி நினைத்துக்கொண்டதும் என் செருக்கே.

பதினொரு திங்கள் இதனை ஒருவருக்கும் சொல்லவில்லை. இவ்வாண்டு தைத் திங்களில், அவ்வெழுவருள் இருவரை அழைத்துக்கொண்டு மீண்டும் கூந்தன்குளம் சென்றேன். மூலைக்கரைப்பட்டி தாண்டியபின், துணிவு வந்து, பேருந்திலேயே முழுவதும் சொன்னேன். ஒருவன் வாய்விட்டுச் சிரித்தான். மற்றவன் நெடுநேரம் சிந்தித்து, "அப்படியானால் அண்ணே, போன வருசப் பரீட்சையில் நான் அதை எழுதிவைத்தேனே?" என்றான். அதற்கு என்னிடம் விடையில்லை. எஞ்சிய ஐவரும் இதனை இங்கே படித்தறிக.

முதியவர் அதே வேப்பமரத்தடியில் இருந்தார். ஆட்டுக்குட்டி ஆடாகிவிட்டது. என்னை அடையாளம் கண்டுகொண்டாரா என்பது விளங்கவில்லை; நாங்கள் எதைத் தேடி வந்தோம் என்பதை மட்டும் உடனே அறிந்துகொண்டார். "இந்த வருசம் இன்னும் வரல" என்று கூறி, எங்களைக் கரைமேல் அழைத்துச் சென்றார். நடுக்குளத்திற் சாம்பல்நிற வாத்துக்கூட்டம் ஒன்று உறங்கிக்கொண்டிருந்தது. வெண்மையான தலையின் பின்புறம் இரு கரும்பட்டைகள். இமயத்தைக் கடந்து வரும் வரித்தலை வாத்துகள் அவை. பகலெல்லாம் இங்கே தங்கி இரவில் வயலுக்கு மேயச் செல்லுமாம். "இதுகளும் வடக்க இருந்து வாறதுதான், இதுகட்ட வேணா சேதி சொல்லி விடுங்க" என்றார் முதியவர். நாங்கள் மூவரும் சிரித்தோம், தணிந்த குரலில். பொழுது சாயும் வரை வயல்வரப்பில் நின்று பார்த்தோம். கொக்குகளும் அரிவாள்மூக்கன்களும் வந்தன. செங்கால் நாரை வரவில்லை.