ஸ்டோருக்குப் போன பாதை

தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்திலிருந்து ரப்பர் பால் ஸ்டோருக்குப் போகும் செம்மண் பாதை இன்னும் இருக்கிறதா என்று பார்க்கத்தான் இந்த முறை மலேசியாவின் பேராக் மாநிலத்துக்குப் போனேன். அப்பா தினமும் சைக்கிளில் பால் கொண்டுபோன பாதை அது. பத்து காஜாவுக்கும் கோப்பெங்குக்கும் இடையே, கெல்லி கோட்டைக்குப் பக்கத்தில் இருந்த ரப்பர் தோட்டம். எங்கள் தோட்டம் என்றுதான் இன்றுவரை சொல்கிறோம். ஒரு பிடி மண்கூட எங்கள் பெயரில் இருந்ததில்லை.

விடிவதற்கு முன்பே பெரட்டு. பெயர் கூப்பிட்டு முடிந்ததும் அப்பாவும் அம்மாவும் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு நிரைக்குப் போவார்கள். மரம் சீவி மங்கு வைத்து, பால் வடிந்து முடிந்ததும் திரும்பவும் அதே மரங்களைச் சுற்றிவந்து வாளியில் சேர்க்க வேண்டும். வெயில் ஏறிவிட்டால் பால் கட்டிவிடும். மழை வந்தால் வெட்டு இல்லை, வெட்டு இல்லையென்றால் அன்றைய சம்பளமும் இல்லை. அம்மா காண்டாக் கம்பில் இரண்டு வாளிகளைத் தோளில் சுமந்து பாதைவரை கொண்டுவருவாள். அங்கே அப்பாவின் ராலே சைக்கிள் நிற்கும். பழைய டியூபை நீளவாக்கில் கீறி எடுத்த வாரால் பால் டின்னைக் கேரியரில் இறுக்கிக் கட்டுவார். சரிவில் இறங்கும்போது பால் தளும்பி ஒரு சொட்டு சிந்தினாலும் அவர் முகம் மாறும். ஸ்டோரில் கிராணி நிறுத்து எழுதும் எண்தான் எங்கள் வீட்டு அரிசி. ஏற்றத்தில் அவர் ஓட்ட மாட்டார், தள்ளிக்கொண்டு நடப்பார். பள்ளி விடுமுறையில் பின்னாலிருந்து தள்ளுவது என் வேலை.

1880களின் இறுதியில் பெல்ஃபாஸ்ட்டில் ஜான் டன்லப் தம் மகனின் மூன்று சக்கர வண்டிக்காகக் காற்றடைத்த டயரைச் செய்தார். ஐரோப்பாவையும் அமெரிக்காவையும் சைக்கிள் மோகம் பிடித்தது. பிறகு மோட்டார் கார் வந்தது. டயருக்கு ரப்பர் வேண்டியிருந்தது. டன்லப் டயருக்குப் பத்தாண்டுகளுக்கு முன்பே, 1877இல், லண்டன் கியூ தோட்டத்திலிருந்து சிங்கப்பூருக்கு வந்த கன்றுகளில் ஒன்பதைக் கோலக் கங்சாரில் நட்டிருந்தார் பேராக் ரெசிடென்ட் ஹியூ லோ. அந்தத் தலைமுறை மரம் ஒன்றை இன்றும் அங்கே வேலி போட்டுக் காக்கிறார்கள். அந்த மரத்தின் பெருக்கத்துக்குப் பால் எடுக்கத்தான் சேலத்திலிருந்தும் திருச்சியிலிருந்தும் வட ஆற்காட்டிலிருந்தும் எங்கள் ஆட்களைக் கப்பலேற்றினார்கள். சைக்கிள் என்ற ஒன்று பிறந்திராவிட்டால் நான் பேராக்கில் பிறந்திருக்க மாட்டேன். அதனாலேயே இந்த ஊரைச் சைக்கிளில்தான் பார்க்க வேண்டும் என்று நினைத்தேன். எழுபதைத் தாண்டியவளுக்கு எதற்கு இந்த வேலை என்று ஈப்போவில் உறவினர்கள் கோபித்துக்கொண்டார்கள்.

அதைக் கேட்காமல் ஈப்போவிலிருந்து மிதிக்கத் தொடங்கினேன். ரயில் நிலையம், பெர்ச் மணிக்கூண்டு, புந்தோங் கடைத்தெரு எல்லாம் பின்னால் போயின. மெங்லெம்புவில் கிளேடாங் மலை வலப்பக்கம் எழுந்து நின்றது. லஹாட் தாண்டியதும் பாப்பானுக்குள் திரும்பினேன். அது போக வேண்டிய வழியல்ல. ஆனால் இங்கிலாந்தில் தாதியாக வேலை பார்த்து ஓய்வுபெற்ற நான், சிபில் கார்த்திகேசு வாழ்ந்த வீட்டைப் பார்க்காமல் எப்படிக் கடப்பது? தாதியான அவரும் டாக்டரான கணவரும் ஜப்பானியர் காலத்தில் காட்டிலிருந்து வந்த எதிர்ப்புப் படையினருக்கு இந்தச் சின்ன ஊரில் வைத்து மருந்து கொடுத்தார்கள். சிபில் 1943இல் பிடிபட்டு, ஜப்பானிய இராணுவப் போலீஸான கெம்பெய்தாயின் சித்திரவதையில் முதுகெலும்பு சிதைந்து, 1948இல் பிரிட்டனில் இறந்தார். ஜார்ஜ் பதக்கம் பெற்றவர். தெருவில் பாதி வீடுகளை ஆலமர வேர்கள் பிடித்திருக்கின்றன. வாசலில் சற்று நேரம் நின்றுவிட்டு மிதித்தேன். ஜப்பானியப் படையும் இந்த மாநிலத்துக்குள் சைக்கிளில்தான் வந்தது. டயர் வெடித்தால் வெறும் ரிம்மிலேயே ஓட்டினார்கள். அவர்கள் சயாம் ரயில் பாதைக்குத் தோட்டங்களிலிருந்து பிடித்துப்போன ஆட்களில் என் தாத்தாவும் ஒருவர். திரும்பவில்லை.

கெல்லி கோட்டையில் கூட்டம். வில்லியம் கெல்லி ஸ்மித் என்ற ஸ்காட்லாந்துத் துரை கட்டத் தொடங்கி முடிக்காமல் விட்ட மாளிகை அது. 1926இல் லிஸ்பனில் நிமோனியாவில் இறந்துபோனார், கட்டடம் அப்படியே நின்றது. அவரைப் பற்றி எழுதி வைத்திருக்கிறார்கள், அவர் மனைவி மக்களைப் பற்றி எழுதி வைத்திருக்கிறார்கள். படம் எடுத்துக்கொள்ள வந்த இளம்பிள்ளைகளிடம் எனக்குக் கோபம் இல்லை. கோபம் வேறிடத்தில் இருந்தது.

அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் மாரியம்மன் கோயில். ஸ்பானியக் காய்ச்சலில் வேலையாட்கள் கொத்துக் கொத்தாகச் செத்தபோது, அம்மனுக்குக் கோயில் வேண்டும் என்று அவர்கள் கேட்க, கெல்லி ஸ்மித் கட்ட உதவினார் என்பது தோட்டத்தில் வழிவழியாகச் சொல்லப்படுவது. நன்றிக்காக அவர் உருவத்தையும் சாமி சிலைகளுக்கு நடுவே வைத்தார்கள். கோட்டும் தொப்பியுமாக இன்றும் நிற்கிறார். எங்கள் ஆட்கள் நன்றி மறக்காதவர்கள். அவர்களை நினைவில் வைக்கத்தான் அந்த வட்டாரத்தில் ஒரு பலகைகூட இல்லை.

வாசல் பெருக்கிக்கொண்டிருந்த அம்மாள் என் சைக்கிளைப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"எந்தத் தோட்டம்கா நீங்க?"

"பக்கத்துத் தோட்டம்தான் தங்கச்சி. மூணாவது லயம்."

"எங்க பெரியம்மா வீடும் அங்கதான் இருந்துச்சு. இப்ப எல்லாம் செம்பனைக்கா. உள்ள நாய் இருக்கும், ஒரு கம்பு எடுத்துக்குங்க."

அவரே ஒரு கம்பை ஒடித்துக் கொடுத்தார்.

பாதை இருந்தது. அகலப்படுத்திச் சல்லி கொட்டி, செம்பனைக் குலை ஏற்றும் லாரிக்கான வழியாக ஆகியிருந்தது. வளைவு மட்டும் மாறவில்லை. அப்பா இறங்கித் தள்ளும் ஏற்றத்தில் நானும் இறங்கித் தள்ளினேன். மேலே போனால் ரப்பர் மரம் ஒன்றுகூட இல்லை. கித்தா காட்டில் வெயில் புள்ளி புள்ளியாகத்தான் விழும், காய் வெடிக்கும் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். செம்பனைக்கடியில் இருட்டும் ஈரமும்தான். மூன்றாவது லயம் நின்ற இடத்தைக் கண்டுபிடித்தது எங்கள் வீட்டுப் பின்புறத்து மாமரத்தை வைத்து. பக்கத்தில் லயம் முழுவதற்கும் பொதுவான தண்ணீர்க் குழாயின் சிமெண்டு மேடை, புல்லுக்குள். அதன்மேல் நின்றுதான் அம்மா என்னைக் குளிப்பாட்டுவாள். அந்த ஒரே குழாய்க்கு வாளி வரிசை வைத்துச் சண்டை போட்ட பெண்கள் ஒவ்வொருவரின் பெயரும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. குடியுரிமை கிடைக்காமல் ரஜூலா கப்பலில் ஊர் திரும்பியவர்களும் அவர்களில் உண்டு. மற்றவர்கள் தோட்டம் கைமாறியபோது மலிவு வீடுகளுக்கும் தொழிற்சாலை வேலைகளுக்கும் சிதறினார்கள். ஸ்டோர் இருந்த இடத்தில் ஒன்றுமே இல்லை. பால் உறைய வைத்த தொட்டிகூட இல்லை.

நான் இப்போது வசிப்பது இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில். வீட்டருகே லீட்ஸ்–லிவர்பூல் கால்வாய் ஓடுகிறது. படகை இழுத்த குதிரைகள் நடந்த கரைப்பாதையில்தான் இன்று சைக்கிள் ஓட்டுகிறோம். பிங்க்லியில் 1774இல் திறந்த ஐந்தடுக்கு மதகு இன்னும் வேலை செய்கிறது, விளக்கப் பலகையோடு. கொஞ்சம் தள்ளி சால்டேர். டைட்டஸ் சால்ட் என்ற ஆலை முதலாளி 1853இல் ஆலை திறந்து, தொழிலாளர்களுக்காகக் கட்டிய கிராமம். அந்தத் தொழிலாளர் வீடுகள் ஏறக்குறைய முழுவதுமாகக் காக்கப்பட்டு, 2001இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறின. அவற்றில் இன்றும் குடும்பங்கள் வாழ்கின்றன. நெசவாலைக் கூலியின் வீடு உலகச் சொத்து என்றால், பால்மரம் வெட்டியவரின் லயம் எந்த விதத்தில் குறைந்தது? அந்தக் கரையில் மிதிக்கும் ஒவ்வொரு முறையும் இந்தக் கேள்வி என்னை உறுத்தியிருக்கிறது. லயம் வசதியான வீடு என்று நான் சொல்லவில்லை. ஒழுகிய கூரையும் பொதுக் கழிப்பறையும் எனக்குத் தெரியும். அதையும் சேர்த்துத்தான் காக்க வேண்டியிருந்தது.

பேராக்குக்கு இதைச் செய்யத் தெரியாமல் இல்லை. ஈயம் தோண்டிய மிதவைக் கப்பலைத் தஞ்சோங் துவாலாங்கில் காட்சிக்கு வைத்திருக்கிறார்கள். சுண்ணாம்புக் குன்றுகளும் குகைகளுமாகக் கிந்தா பள்ளத்தாக்கு 2018இல் தேசியப் புவிப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. ஞாயிற்றுக்கிழமைகளில் ஈப்போவிலிருந்து கூட்டம் கூட்டமாகச் சைக்கிள்காரர்கள் இந்தச் சாலைகளில் வருகிறார்கள். வடக்கே பாகான் செராய், பாரிட் புந்தார் பக்கம் 1906இல் முடிந்த கிரியான் பாசன வாய்க்கால்களின் கரைகள் சைக்கிளுக்கென்றே போட்டதுபோல நீண்டு கிடக்கின்றன. ஒப்பந்தக் கூலிகளாகத் தமிழர்கள் வந்திறங்கிய கரும்புத் தோட்டங்கள் அந்த வட்டாரத்தில்தான் இருந்தன.

பேராக்கில் சைக்கிள் ஓட்டும் தமிழ்ப் பிள்ளைகளே, உங்களிடம் ஒரு வேலை கேட்கிறேன். உங்கள் பாட்டி தாத்தாவின் தோட்டம் எது என்று கேட்டு, அந்தப் பாதையில் ஒரு ஞாயிறு மிதித்துப் பாருங்கள். முடிந்தால் தெரிந்த பெரியவர் ஒருவரைக் காரிலாவது கூட்டிப்போய், எது லயம், எது ஸ்டோர், எது ஆயாக் கொட்டகை, எது பள்ளி என்று கைகாட்டச் சொல்லுங்கள். கைப்பேசி வரைபடத்தில் தோட்டத்தின் பெயரோடு அந்த இடங்களைக் குறியுங்கள். மாநில அரசிடம் பலகை கேட்டு மனுக் கொடுங்கள். தோட்டங்களில் பிறந்து வளர்ந்து மரம் வெட்டியவர்களில் உயிரோடிருப்பவர்களுக்கு இப்போது என் வயது, அல்லது என்னைவிடக் கூட. இந்த ஆண்டே தொடங்குங்கள்.