தாமதமும் ஒரு காவல்

அவசரமாகப் பணம் அனுப்பும் வேளையில் வங்கி குறுக்கே நின்றால் எவருக்கும் எரிச்சல் வரும். நமக்கும் வந்தது.

சென்ற ஆண்டு, வீட்டைப் பழுதுபார்த்த கொத்தனாருக்குக் கைப்பேசி வழியே கூலி அனுப்ப முயன்றோம். 'புதிய கணக்கு, முதல் நாளில் சிறு தொகையே அனுப்பலாம்' என்றது வங்கி. உழைத்தவரை மறுநாள் வரச் சொல்ல நேர்ந்தது. நாணிப்போனோம், வங்கியை வாய்விட்டே ஏசினோம்.

ஒரு மாதம் சென்றிருக்கும். ராத்தாவிடமிருந்து அழைப்பு. "தம்பி, பேங்கிலிருந்து பேசினார்கள். விவரம் தராவிட்டால் கணக்கை முடக்கிவிடுவார்களாம். கேட்டதையெல்லாம் சொல்லிவிட்டேனே!" என்றார். குரல் நடுங்கியது. மகளின் கல்யாணத்துக்கென்று சிறுகச் சிறுகச் சேர்த்த பணம் அது. உடனே வங்கிக்கும், இணையக் குற்றங்களுக்கான 1930 என்னும் எண்ணுக்கும் தெரிவித்தோம். ஐயாயிரம் ரூபாய் போயிருந்தது, மற்றது தப்பியது. திருடன் தன் கணக்கைப் புதிதாகச் சேர்த்தபோது, நாம் ஏசிய அதே தடை அவனையும் நிறுத்தியிருந்தது.

அன்று முதல் தடையை நாம் வெறுப்பதில்லை. அது எங்கே நிற்க வேண்டும் என்றே எண்ணுகிறோம். தேநீருக்குப் பத்து ரூபாய் கொடுப்பவரிடம் கடுங்காவல் எதற்கு? 2022இல் வந்த யூ.பி.ஐ. லைட், சிறு தொகைகளை இரகசிய எண் இன்றியே செலுத்த விடுகிறது. அது தக்க ஏற்பாடே. முன்பின் அறியாத கணக்குக்குப் பெருந்தொகை போகும்போதுதான் காவல் விழித்தெழ வேண்டும். அது பேசும் மொழியும் புரிய வேண்டும். ஆங்கிலத்தில் ஆறு இலக்கங்களை அனுப்பினால் போதாது. 'இன்னாருக்கு இவ்வளவு பணம் உங்கள் கணக்கிலிருந்து போகப்போகிறது. இந்த எண்ணை எவரிடமும் சொல்லாதீர்கள்' என்று தமிழில் வந்திருந்தால் ராத்தா ஒரு கணம் தயங்கியிருப்பார்.

நம் வீட்டிலும் சில வழக்கங்கள் வந்துவிட்டன. வங்கி என்று எவர் அழைத்தாலும் பேச்சை முறித்து, பாஸ்புக்கில் உள்ள எண்ணுக்கு நாமே பேசுகிறோம். பணம் பெறுவதற்கு இரகசிய எண் தேவையே இல்லை என்பதைப் பிள்ளைகளும் அறிவர். ராத்தாவை மட்டும் எவரும் கடிந்துகொள்ளவில்லை. ஏச்சுக்கு அஞ்சி அவர் அன்று மறைத்திருந்தால், வங்கியின் தடை நீங்கிய மறுநாள் மிச்சப் பணமும் போயிருக்கும்.