பின்மூடிக்குள் சொந்தக்காரர்

பரந்தன் சந்தியில் ஏ-9 வீதியை விட்டு முல்லைத்தீவுப் பக்கம் திரும்பிக் கொஞ்சத் தூரம் போனால் தகரக் கூரை போட்ட ஒரு ரீவி திருத்தும் கடை வரும். விறாந்தையில் பழைய பெரிய ரீவிகளைப் பின்மூடி கழற்றி, முகம் சுவரைப் பார்க்க அடுக்கி வைத்திருக்கிறார்கள். உள்ளே வருகிறவருக்கு எது எந்தக் கம்பனி என்று தெரியாது. கடைக்காரருக்கு அது தெரியத் தேவையில்லை. அறுபது வயதைத் தாண்டிய அவரை ஊரில் எல்லோரும் அண்ணை என்றுதான் கூப்பிடுகிறார்கள். நானும் அப்படியே கூப்பிட்டேன்.

"உந்த ரெண்டையும் பாருங்கோ தம்பி" என்று இரண்டு 21 அங்குலப் பெட்டிகளின் போட்டுகளை இழுத்து மேசையில் பக்கம் பக்கமாக வைத்தார். ஒரு பெட்டியின் முகத்தில் ஜப்பான் கம்பனி போல ஒலிக்கும் பெயர். மற்றது தவணைக் காசுக்கு எடுத்தது, அதன் பெயர் வேறு. ஆனால் உயர் வோல்ற் தரும் பிளைபாக் நிற்கும் மூலை, ரியூனரின் தகரப் பெட்டி, திருகாணித் துளைகள் எல்லாம் இரண்டிலும் ஒரே இடத்தில். நடுவில் இருந்ததும் ஒரே ஐசி: சான்யோவின் எல்.ஏ. 76810, ஐம்பத்துநாலு கால். முன்பக்கப் பொத்தான் வரிசை மட்டும் கொஞ்சம் மாறியிருந்தது.

"பேர்தான் ரெண்டு. பெத்தது ஒராள்."

இது இங்கே மட்டும் நடந்த கதை இல்லை. பிரித்தானியாவில் தோர்ன் கம்பனி 1969இல் கொண்டுவந்த 3000 வரிசைச் செசியே, அதாவது பெட்டியின் உள்ளுடலே, பெர்கசன், எச்.எம்.வி., அல்ட்ரா, மார்க்கோனிபோன் என்று பல பெயர்களில் கடைகளில் நின்றது. பின்னாளில் துருக்கியின் மனிசா நகரத்து வெஸ்டெல் தொழிற்சாலை ஐரோப்பாவின் பல பெயர்களுக்குப் பெட்டி செய்து கொடுத்தது. சான்யோவின் ஏ-3 செசியைச் சீனத் தொழிற்சாலைகள் பலவும் எடுத்துக்கொண்டன. தமிழ்நாட்டில் 2006இல் தொடங்கிய இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டத்தில் நடந்தது இதற்கு நேர்மாறு: பல உற்பத்தியாளர்கள் செய்த 14 அங்குலப் பெட்டிகள் ஒரே அரசுத் திட்டத்தின் பெயரில் வீடுகளுக்குப் போயின.

இலங்கையில் ஐ.ரி.என். 1979இலும் ரூபவாஹினி 1982இலும் ஒளிபரப்பைத் தொடங்கின. சோனி, நஷனல், சான்யோ என்று ஜப்பான் பெயர்கள் வந்தன. தையல் மெசினுக்குப் பெயர்போன சிங்கரின் பெயரிலும் ரீவி வந்தது. பரந்தன் இருக்கும் வன்னிக்கு இந்த அலை அரைகுறையாகத்தான் எட்டியது. மாங்குளத்துக்கும் கிளிநொச்சிக்கும் இடையில் இருந்த கொக்காவில் ஒளிபரப்பு அஞ்சல் நிலையம் 1990 யூலைச் சண்டையோடு போயிற்று. அதே இடத்தில் 174 மீற்றர் உயரக் கோபுரம் 2011இல்தான் எழுந்தது. இடைப்பட்ட காலத்தில் வன்னியில் ரீவி என்றால் பெரும்பாலும் டெக்கில் கசெற் போட்டுப் படம் பார்ப்பதற்கான பெட்டி. கரண்ட் கம்பியில் வரவில்லை, ஜெனரேற்றரில் வந்தது. பொருளாதாரத் தடைக்குள் பற்றரியே வராதபோது ஐசி எப்படி வரும்?

அண்ணை தொழில் பழகியது அந்தக் காலத்தில். ஜெனரேற்றர் இரைந்து இரைந்து ஓடினால் வோல்ற் ஏறி இறங்கும். பவர் பகுதிதான் முதலில் எரியும். அந்தக் கம்பனிச் சாமான்தான் வேண்டும் என்று நின்றால் பெட்டி கோழிக்கூட்டுக்கு மேலே ஏறிவிடும். அதனால் எந்தப் பெட்டிக்கு எந்தப் பெட்டி சொந்தம் என்று பார்த்து, செத்ததில் கழற்றி உயிருள்ளதற்குப் போடுவதே தொழிலாகியது.

அந்த அறிவு அவருடைய கொப்பியில் இருக்கிறது. பழைய கொப்பி இடப்பெயர்வில் போய்விட்டது. இது மீள்குடியேறிய பிறகு நினைவிலிருந்து எழுதத் தொடங்கியது. பக்கங்கள் கம்பனி வாரியாக இல்லை, ஐசி வாரியாக. பிலிப்சின் ரி.டி.ஏ. 8361 என்று ஒரு பக்கம். அதன் கீழே அந்த ஐசியோடு அவர் கண்ட பெட்டிப் பெயர்கள், ஒவ்வொன்றிலும் பிளைபாக்கின் இலக்கம், எந்தக் காலில் எவ்வளவு வோல்ற் இருக்க வேண்டும் என்ற கணக்கு. சீனப் பிளைபாக்குகளில் பி.எஸ்.சி. 25 என்று தொடங்கும் இலக்கத்தைக் கண்டால் பெயரைப் பார்க்காமலே பாதிப் பெட்டியைச் சொல்லிவிடலாம் என்கிறார்.

அன்றைக்கு மேசையில் இருந்த வேலை இன்னும் பெரியது. பழைய ஜப்பான் பெட்டி ஒன்று. ரியூப் நல்லாயிருக்கிறது, போட் திருத்த முடியாத அளவுக்குக் கருகியிருக்கிறது. அதைத் தூக்கிவிட்டுச் சீனப் போட் ஒன்றை முழுசாக உள்ளே இருத்த வேண்டும். கடையில் பழகும் பெடியன் திருகாணியைத் தொடுவதற்கு முன்னமே அண்ணை தடுத்தார். ரியூப்பின் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் றப்பர் தொப்பிக்குள் ஏறத்தாழ 25,000 வோல்ற் நிற்கும். பெட்டியை நிறுத்திய பிறகும் தங்கி நிற்கும். நிலக் கம்பி கட்டிய ஸ்குரூ டிரைவரைத் தொப்பிக்கு அடியில் விட்டார். "டிக்" என்று ஒரு பொறி.

போட் மாற்றினால் படம் தானாக வந்துவிடாது. ரியூப்பின் கழுத்தில் இருக்கும் சுருள் பழையது, அதை ஓட்டுவது புதுப் போட். அந்தச் சுருள் ஒரு செக்கனுக்கு 15,625 தரம் கதிரை இடமும் வலமும் இழுக்க வேண்டும். இரண்டும் ஒத்துவராவிட்டால் படம் ஒடுங்கும், அல்லது சுருளை ஓட்டும் லைன் ட்ரான்சிஸ்டர் கொதித்துச் சாகும். ரியூப்பின் சூட்டுக் கம்பிக்கு 6.3 வோல்ற் போகிறதா என்று பார்க்க வேண்டும். லைன் ட்ரான்சிஸ்டருக்குப் பக்கத்தில் நிற்கும் 1,600 வோல்ற் கபாசிற்றரை ஒருபடி கூட்டிக் குறைத்துப் படத்தின் அகலத்தைச் சரிக்கட்டலாம். "குறைக்கிறது எண்டால் பயம் வேணும். குறைச்சால் ரியூப்புக்குப் போற வோல்ற் ஏறும்" என்றார் பெடியனிடம்.

படம் வந்தது. முகத்தில் இன்னும் அதே ஜப்பான் பெயர்.

"கம்பனிக்காரர் உள்ளுக்கு ஒண்டும் மாத்தேல்லை, பேரை மாத்தினவை. நாங்கள் பேரில கை வைக்கேல்லை, உள்ளுக்கு முழுக்க மாத்தினம்" என்று அண்ணை சிரித்தார். போரும் தடையும் ஒரு பக்கம் இருக்க, வன்னியின் ரீவிகளை ஓட வைத்தது இந்தத் தலைகீழ் வேலைதான் என்று எனக்குப் பட்டது.

பெட்டிக்குப் பெட்டி இருக்கும் இந்தச் சொந்தம் எல்லா இடத்திலும் செல்லாது. 2000ஆம் ஆண்டையொட்டி வந்த ரி.டி.ஏ. 9381 போன்ற ஐசிகளில் படத்தை உருவாக்கும் பகுதியும் றிமோட்டுக்குக் கீழ்ப்படியும் கணினிப் பகுதியும் ஒரே உடலுக்குள். தொழிற்சாலையிலேயே கம்பனிக்கு ஏற்ற புரோகிராமை அதற்குள் பதித்துவிடுவார்கள். முதுகில் மேல்வரி இலக்கம் ஒன்றாயிருந்தாலும் கீழ்வரி வேறாயிருந்தால் கதை வேறு. சத்தப் பொத்தானை அழுத்தினால் சனல் மாறும், றிமோட் வேலை செய்யாது, சிலவேளை படமே வராது. பிளாஸ்ரிக் முகத்தில் ஒட்டியிருந்த பெயர் அங்கே சிலிக்கனுக்குள் இறங்கிவிட்டது. கொப்பியில் அந்த ஐசிக்குரிய பக்கங்களில் மட்டும் கீழ்வரி இலக்கங்களைச் சிவப்புப் பேனையால் எழுதி வைத்திருக்கிறார்.

இப்போது வருகிறவை பெரும்பாலும் மெல்லிய எல்.இ.டி. பெட்டிகள். அவற்றுக்கும் யுனிவர்சல் போட் என்று எந்தக் கம்பனிப் பெட்டிக்குள்ளும் இருத்தக்கூடிய சீனப் போட் கிடைக்கிறது. பனலுக்கு ஏற்ற புரோகிராமைப் பென் டிரைவில் ஏற்றினால் சரி. பனல் வெடித்தால் மட்டும் சொந்தம் உதவாது; புதுப் பனலின் விலைக்குக் கொஞ்சம் கூட்டினால் புது ரீவியே வாங்கலாம். பழைய ரியூப் இரண்டு மூன்று போட்டுகளுக்குப் பிறகும் நின்று பிடித்ததைச் சொல்லி அண்ணை பெருமூச்சு விடவில்லை. பனல் வெடித்த பெட்டிகளின் போட்டுகளைச் சேர்த்து வைக்கத் தொடங்கிவிட்டார்.

நான் நிற்கும்போதே தருமபுரத்திலிருந்து ஒரு அம்மா தன் பெட்டியை எடுக்க வந்தா. புதுப் போட் போட்ட எல்.இ.டி. ரீவி. போட்டவுடன் திரையில் ஏதோ முகம் தெரியாத சீனப் பெயர் எழுந்தது. அம்மா முகம் சுளித்தா. "இது என்ர தம்பி கனடாவில இருந்து வந்து வாங்கித் தந்தது. உந்தப் பேர் வேண்டாம், பழைய பேர் வரோணும்."

பெடியன் சிரிக்கப் பார்த்தான். அண்ணை அவனைப் பார்த்த பார்வையில் சிரிப்பு நின்றது. போட் திருத்துகிறவனின் பாடு. பெயர் வீட்டுக்காரரின் சொத்து. பழைய கம்பனியின் சின்னத்தைத் தேடிப் பென் டிரைவில் ஏற்றச் சொன்னார். அதற்குத் தனியாகக் காசு வாங்கவில்லை.