வினைமுற்று வெட்டுப்படும் இடம்

கோவையிலும் மதுரையிலும் சென்னையின் பழைய மாமல்லபுரம் சாலையிலும் இணையப் பக்கங்களுக்குத் தலைப்பும் குறிப்பும் எழுதுவதையே முழுநேர வேலையாகச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். அதை அவர்கள் ‘டைட்டில், டிஸ்க்ரிப்ஷன்’ என்று ஒரே மூச்சில் சொல்கிறார்கள். கூகுளில் எதையாவது தேடினால் பெரிய எழுத்தில் வருகிற வரி டைட்டில். அதன் அடியில் சின்ன எழுத்தில் வருகிற இரண்டு மூன்று வரிகள் டிஸ்க்ரிப்ஷன். இவர்களுடைய திரையில் எப்போதும் ஓர் எக்செல் ஷீட் திறந்திருக்கிறது. முதல் பத்தியில் பக்கத்தின் முகவரி, அடுத்ததில் தேடுகிறவர் தட்டக்கூடிய சொல்லான கீவேர்ட், அதற்கடுத்து எழுத வேண்டிய தலைப்பு, பக்கத்திலேயே எழுத்து எண்ணிக்கை. தலைப்பு 60-ஐத் தாண்டினால் கட்டம் சிவப்பாகிறது. டிஸ்க்ரிப்ஷனுக்கு வரம்பு 160. சிவப்பையெல்லாம் பச்சையாக்கிவிட்டால் அன்றைய வேலை முடிந்ததாகக் கணக்கு. பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கப் பார்க்க, இந்தக் கணக்கில்தான் கோளாறு இருக்கிறது என்ற எண்ணம் எனக்கு வலுத்தது. இது மொழி வேலை. தமிழை வாக்கியம் வாக்கியமாக எடைபோடத் தெரிந்த ஒருவர் செய்ய வேண்டிய பதிப்பு வேலை. அதை நாம் எண் சரிபார்க்கும் வேலையாக நடத்திக்கொண்டிருக்கிறோம். அதன் விலையைக் கொடுப்பவர் தேடி வருகிற தமிழ் வாசகர்.

முதலில் அந்த 60-ஐ எடுத்துக்கொள்வோம். கூகுள் தலைப்புக்கு எழுத்து வரம்பு எதையும் விதிக்கவில்லை. திரையின் அகலத்துக்கு மேல் போகிற பகுதியை வெட்டிவிடுகிறது, அவ்வளவுதான். கணினித் திரையில் அந்த அகலம் சுமார் 600 பிக்சல் என்று தொழிலில் இருப்பவர்கள் வைத்துக்கொள்கிறார்கள். சராசரி ஆங்கில எழுத்தின் அகலத்தால் அதை வகுத்தபோது கிடைத்த விடைதான் 60. தமிழில் இந்த வகுத்தலே செல்லாது. ‘பத்தமடை பாய்’ என்பதில் நம் கண்ணுக்கு ஏழு எழுத்து. யூனிகோடில் ஒற்றெழுத்தின் புள்ளிக்கும் துணைக்காலுக்கும் ஐகாரக் கொம்புக்கும் தனித்தனிக் குறியீடு என்பதால் எண்ணும் கருவி இடைவெளியோடு சேர்த்துப் 12 என்று காட்டும். அதே இரண்டு சொல்லை நடுவில் ஒரு சிறுகோடு போட்டு முகவரியில் வைத்து நகலெடுத்தால், ஒவ்வொரு குறியீடும் மூன்று பைட்டாகி, ஒவ்வொரு பைட்டும் சதவீதக் குறியோடு மூன்று எழுத்தாகி, சரியாக 100 எழுத்து நீளத்துக்கு ஒரு சரம் வந்து நிற்கும். புள்ளி எழுத்தின் தலைமேல் உட்காருகிறது, அகலத்தில் ஏறக்குறைய இடமே எடுப்பதில்லை. ‘ணை’ ஒன்று மட்டும் மூன்று நான்கு ஆங்கில எழுத்தின் இடத்தை அடைக்கிறது. ஆகவே 60 குறியீட்டில் ஒரு தமிழ்த் தலைப்பு முழுதாகவும் தெரியலாம், பாதியில் முறிந்தும் போகலாம். அனுபவப்பட்டவர்கள் இதை அறிந்திருக்கிறார்கள். எண்ணிக்கைப் பத்தியைப் பார்க்காமல், முன்தோற்றத்தில் போட்டுக் கண்ணால் பார்த்துத்தான் முடிவு செய்கிறார்கள். ஆனால் ஷீட்டை வாங்கிச் சரிபார்ப்பவருக்குச் சிவப்பும் பச்சையும்தான் தெரியும் என்பதால், நன்றாகத் தெரிகிற தலைப்பையும் சில சமயம் குறைத்துக் கெடுக்க வேண்டியிருக்கிறது.

இதைவிட ஆழமான சிக்கல் வெட்டு விழுகிற இடத்தில் இருக்கிறது. எந்த மொழியானாலும் வெட்டு வரியின் கடைசியில்தான் விழும். ஆங்கிலத்தில் கடைசியில் இருப்பது பெரும்பாலும் அடைமொழி, இடம், நேரம் போன்றவை. போனால் போகட்டும் என்று விட்டுவிடலாம். தமிழ்த் தொடரில் அடையெல்லாம் முன்னால் வந்து, எதைப் பற்றிய பேச்சோ அந்தப் பெயர் கடைசியில் வந்து நிற்கிறது. திருநெல்வேலி மாவட்டத்துப் பத்தமடையில் கோரையைக் கொண்டு நெய்கிற பாயை விற்கும் பக்கம் ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். இயல்பான தமிழில் அதற்குத் தலைப்பு, ‘திருமணத்துக்கு மணமக்கள் பெயர் பொறித்து நெய்து தரப்படும் பத்தமடைப் பாய்’. இலக்கணத்தில் பிழையில்லை, ஓசையும் நன்றாக இருக்கிறது. கைப்பேசியில் வெட்டு விழுந்தால் மிஞ்சுவது மணமக்களும் பெயரும். பாய் காணாமல் போய்விடுகிறது. தேடி வந்தவர் அதை அழைப்பிதழ் அச்சிடுகிறவர்களின் பக்கம் என்று நினைத்துக் கடந்து போவார். இதற்கு நல்ல எழுத்தாளர்கள் கண்டிருக்கும் வழி, பெயரைத் தூக்கி முன்னால் வைப்பது: ‘பத்தமடைப் பாய்: மணமக்கள் பெயருடன் திருமணப் பாய்’. இது தமிழின் ஓட்டத்தையே முறிக்கிறதே, முக்காற்புள்ளி போட்ட தந்தி மொழி ஆகிவிடுகிறதே என்று கேட்பவர்கள் உண்டு. அந்தக் கேள்வியில் மொழிமேல் உள்ள பற்று தெரிகிறது, மதிக்கிறேன். ஆனால் தமிழ்ப் பேச்சு ஒருபோதும் அவ்வளவு விறைப்பாக இருந்ததில்லை. ‘வந்துட்டானா உன் தம்பி?’ என்று வினையை முன்னால் போட்டுக் கேட்பது எல்லா வீட்டிலும் உள்ள வழக்கம். வேற்றுமை உருபு உறவைத் தாங்கிக்கொள்வதால் சொற்களை இடம் மாற்றும் உரிமை தமிழுக்கு ஆங்கிலத்தைவிட அதிகம். அந்த உரிமையை எங்கே, எந்த அளவுக்குப் பயன்படுத்துவது என்று அறிவதுதான் இந்தத் தொழிலில் தேர்ச்சி.

டிஸ்க்ரிப்ஷனில் இந்த வெட்டு ஆபத்தாகவே மாறுகிறது. தமிழில் வினைமுற்று கடைசியில் வருகிறது. உண்டா இல்லையா என்பதும் அங்கேதான் தெரிகிறது. அரசுத் தேர்வு அறிவிப்பைப் பற்றிய ஒரு பக்கத்துக்கு இப்படிக் குறிப்பு எழுதியதாக வைத்துக்கொள்வோம்: ‘பட்டியல் வகுப்பினரும் மாற்றுத்திறனாளிகளும் விண்ணப்பக் கட்டணம் செலுத்த வேண்டியதில்லை.’ கடைசிச் சொல் வெட்டுப்பட்டால் வாசகர் படிப்பது, ‘பட்டியல் வகுப்பினரும் மாற்றுத்திறனாளிகளும் விண்ணப்பக் கட்டணம் செலுத்த…’ என்றுதான். சொன்னதற்கு நேர் எதிரான பொருள், அதுவும் யாருக்கு அந்தச் செய்தி மிகவும் தேவையோ அவரிடமே போய்ச் சேர்கிறது. பக்கத்தைத் திறக்காமல் தேடல் முடிவுகளை மட்டும் மேலோட்டமாகப் படித்துவிட்டுப் போகிறவர்கள் ஏராளம். அவர்களுக்கு அந்தப் பாதி வாக்கியமே முழுச் செய்தி. இதை ‘பட்டியல் வகுப்பினருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் கட்டண விலக்கு உண்டு’ என்று மாற்றி எழுதினால், ‘உண்டு’ போனாலும் பொருள் நிற்கும். மறுப்பை வினையிலிருந்து எடுத்துப் பெயருக்குள் வைத்துவிட்டதால் வந்த பாதுகாப்பு அது. வாக்கியத்தை இரண்டாக உடைத்து முக்கியமானதை முதல் வாக்கியத்தில் முடித்துவிடுவது இன்னொரு வழி. இந்த மாதிரி நுட்பத்தை எந்தப் பயிற்சி வகுப்பிலும் சொல்லித்தருவதாகத் தெரியவில்லை. கிடைக்கிற பாடங்கள் பெரும்பாலும் ஆங்கிலத்திலிருந்து அப்படியே இறக்கியவை. ஆங்கிலத்தில் மறுப்பு வாக்கியத்தின் முன்பகுதியிலேயே வந்துவிடுவதால் இந்தக் கவலை அவர்களுக்கு எழவில்லை. தமிழில் எழுதுகிறவர் தானே கண்டுபிடித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

இவ்வளவு மெனக்கெட வேண்டுமா, கூகுள்தான் தலைப்பைத் தன் இஷ்டத்துக்கு மாற்றிவிடுகிறதே என்பது அடிக்கடி எழும் மறுப்பு. மாற்றுகிறது, உண்மை. 2021 ஆகஸ்டில் தலைப்பைத் தயாரிக்கும் தன் முறையை கூகுள் மாற்றியபோது இந்தத் தொழிலே கலங்கிப்போனது. ஆனால் அடுத்த மாதமே அந்த நிறுவனம் வெளியிட்ட விளக்கத்தின்படி, ஏறக்குறைய 87 விழுக்காடு நேரங்களில் பக்கத்தின் சொந்தத் தலைப்பையே அது அப்போது எடுத்துக்கொண்டது. தொடக்கத்தில் இது 80 விழுக்காடாக இருந்தது. மாற்றப்பட்டவற்றுக்கு அது காட்டிய எடுத்துக்காட்டுகள் கவனிக்கத்தக்கவை: நிறுவனப் பெயர் மட்டும் இருந்து மற்றது காலியாக விடப்பட்ட தலைப்பு, போன ஆண்டின் எண்ணைத் தாங்கி நிற்கும் பழைய தலைப்பு, பக்கத்தில் இருப்பதைச் சரியாகச் சொல்லாத தலைப்பு, பல பக்கங்களுக்கும் ஒன்றாகவே வைத்த தலைப்பு. நான்குமே பக்கத்தைப் படிக்காமல் தலைப்பு எழுதியதன் விளைவுகள். இயந்திரம் தலையிடுவது கவனம் இல்லாத இடத்தில்தான் என்றால், அந்த மறுப்பு கவனமாக எழுத வேண்டும் என்பதற்கே சான்றாகிறது. தலைப்புக்குள்ள எடை புதிதும் அல்ல. 1998-இல் கூகுளை உருவாக்கிய பிரின்னும் பேஜும் தங்கள் தேடுபொறியை விளக்கி எழுதிய கட்டுரையிலேயே, பக்கங்களின் தலைப்புகளை மட்டும் தேடினாலும், அவர்களுடைய தரவரிசை முறையோடு சேரும்போது, பரவலான பொருள்களுக்கு நல்ல விடை கிடைப்பதைக் குறிப்பிட்டார்கள்.

டிஸ்க்ரிப்ஷன் விஷயம் வேறு. தரவரிசையில் அது கணக்கில் வருவதில்லை. கீவேர்ட் பட்டியலைத் திணிக்கும் பழைய மெட்டா குறியைத் தரவரிசைக்குப் பயன்படுத்துவதில்லை என்று 2009 செப்டம்பரில் கூகுள் வெளிப்படையாக அறிவித்தது. டிஸ்க்ரிப்ஷனைச் சில சமயம் முடிவின் கீழ் வரும் குறிப்பாகக் காட்டுவதோடு சரி என்பதையும் அப்போதே தெளிவுபடுத்தியது. காட்டும் நீளமும் நிலையில்லை: 2017 டிசம்பரில் 320 எழுத்து வரை நீண்டது, 2018 மே மாதத்தில் பழையபடி சுருங்கியது. இடைப்பட்ட மாதங்களில் புதிய நீளத்துக்கு நிரப்பி எழுதியவர்கள் எல்லாவற்றையும் மறுபடி குறைக்க வேண்டியதாயிற்று. தரவரிசைக்கு உதவாததற்கு எதற்கு உழைப்பு என்று முதலாளிகள் கேட்பதில் வியப்பில்லை. ஆனால் அந்தக் குறிப்பைத் தேடுபொறி எடைபோடாவிட்டாலும் மனிதர் படிக்கிறார். எந்தப் பக்கத்தைத் திறப்பது என்று முடிவெடுக்கிற கணத்தில் அவர் கையில் இருப்பது அந்த இரண்டு வரிதான். மெட்டா கீவேர்ட் செத்ததற்குக் காரணமே, அதை மனிதர் யாரும் பார்க்காததால் அதில் பொய் சொல்வது எளிதாக இருந்தது என்பது.

பொய் சொல்லும் தலைப்புக்குத்தான் கிளிக் அதிகம் வருகிறது என்பார்கள் செய்தித் தளங்களில் இருப்பவர்கள். பெயரை மறைத்து ‘பிரபல நடிகர்’ என்று போட்டால் ஆர்வத்தில் திறக்கிறார்கள், விளம்பர வருவாய் வருகிறது. இந்த வாதத்தை எளிதில் தள்ளிவிட முடியாது. சம்பளம் அந்தப் பணத்திலிருந்து வருகிறது. ஆனால் ‘பிரபல நடிகர்’ என்ற தலைப்பு அந்த நாளின் ஓடையில் மட்டுமே வாழும். மறுவாரம் அந்த நடிகரின் பெயரைத் தட்டித் தேடுகிறவருக்கு அது அகப்படாது, ஏனென்றால் தேடப்படும் பெயர் தலைப்பில் இல்லை. பெயரை மறைக்கிற தலைப்பு தேடலுக்கு எதிராகவே வேலை செய்கிறது. விளம்பர வருவாய்க்கான தலைப்பையும் தேடலுக்கான தலைப்பையும் ஒன்றாகக் குழப்புவதால், எழுதுகிறவரின் திறமை இரண்டிலும் வீணாகிறது.

இந்த வேலைக்குத் தமிழ் மண்ணிலேயே ஒரு முன்னோர் இருக்கிறார் என்பது இதில் இருப்பவர்களுக்குப் போய்ச் சேர வேண்டும். 1892-இல் சீர்காழியில் பிறந்து, 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகர் பொறுப்பை ஏற்ற எஸ்.ஆர். ரங்கநாதன், நூலகத்துக்கு வகுத்த ஐந்து விதிகளை 1931-இல் நூலாக்கினார். அதில் நான்காவது, வாசகரின் நேரத்தைக் காப்பது பற்றியது. நூற்பட்டியல் அட்டையில் ஒரு புத்தகத்தை எந்தச் சொல்லின் கீழ் பதிவது, வாசகர் எந்தப் பெயரால் அதைத் தேடி வருவார், வேறு பெயரால் வந்தால் எப்படி வழிகாட்டுவது என்றெல்லாம் விதி செய்வதிலேயே வாழ்நாளைச் செலவிட்டவர் அவர். ‘கோயில்’ என்று தேடுகிறவரும் ‘கோவில்’ என்று தேடுகிறவரும் ஒரே பக்கத்துக்கு வர வேண்டும். ‘பத்தமடைப் பாய்’ என்று ஒற்றோடு எழுதினாலும் ஒற்றில்லாமல் தட்டுகிறவருக்குக் கிடைக்க வேண்டும். ரோமன் எழுத்தில் தமிழைத் தட்டுகிறவரையும் விட்டுவிடக் கூடாது. தலைப்பில் ஒரு வடிவத்தை வைத்து, குறிப்பிலும் முதல் பத்தியிலும் மற்ற வடிவம் இயல்பாக வருமாறு எழுதுகிற ஒரு பெண்ணைப் பார்த்தபோது, அந்த நூற்பட்டியல் மரபுதான் எனக்கு நினைவுக்கு வந்தது. கீவேர்டை எழுத்து மாறாமல் போடச் சொல்லும் கருவிக்காகச் சந்தியைக் கைவிட வேண்டும் என்று அவருக்குச் சொல்லப்பட்டிருக்கிறது. தலைப்பில் ஒற்றை விடாமல் எழுதி, கருவி சிவப்பு காட்டினால் காட்டட்டும் என்று விட்டுவிடுகிறார். எனக்கு அவர் பக்கம்தான் நியாயம் தெரிகிறது.

தேடுபொறியைத் தாண்டியும் இந்த வரிகளுக்கு வாழ்வு உண்டு. பார்வையற்றவர் பயன்படுத்தும் திரைவாசிப்பான் பக்கத்தைத் திறந்ததும் முதலில் சொல்வது டைட்டிலைத்தான். 2008-இல் வெளியான உலகளாவிய அணுகல் நெறிமுறை, பக்கத்தின் பொருளைச் சொல்லும் தலைப்பை அடிப்படைத் தகுதிகளில் ஒன்றாகவே வைத்திருக்கிறது. ‘முகப்பு’, ‘முகப்பு’, ‘முகப்பு’ என்று ஒரே சொல் பத்துப் பக்கங்களிலும் ஒலித்தால், எங்கே இருக்கிறோம் என்று அவருக்கு எப்படித் தெரியும்? வாட்ஸ்ஆப் குழுவில் ஒரு சுட்டியை அனுப்பினால் அதோடு ஒட்டி வருவதும் பக்கத்தில் எழுதி வைத்த தலைப்பும் குறிப்பும்தான். 2024 முதல் தேடலின் உச்சியில் செயற்கை நுண்ணறிவு எழுதும் சுருக்கம் வரத் தொடங்கியதால் இந்தத் தொழிலே முடிந்தது என்கிறார்கள். சுருக்கத்தோடு விடைபெறுகிறவர்கள் கூடுவார்கள் என்பதை மறுக்கவில்லை. அந்தச் சுருக்கத்தின் ஓரத்திலும் மூலப் பக்கங்களின் தலைப்புகள் நிற்கின்றன. சரிபார்க்க விரும்புகிறவர் அவற்றில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். தலைப்புகளையே இயந்திரத்தைக் கொண்டு நூற்றுக்கணக்கில் எழுதிவிடலாமே என்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. எழுதலாம். ‘செலுத்த வேண்டியதில்லை’ வெட்டுப்படுமா, வெட்டுப்பட்டால் யாரைத் தவறாக வழிநடத்தும் என்று பார்த்துத் திருத்தத் தமிழ் வாசிக்கும் ஒருவர் வேண்டும். அந்த ஒருவருக்குக் கொடுக்கப்படும் நேரம் இப்போதே போதவில்லை.

நேரம்தான் இவர்கள் எல்லாரும் கேட்பது. நான் பார்த்த இடங்களில் ஊதியம் பக்க எண்ணிக்கையை ஒட்டியே கணக்கிடப்படுகிறது. பக்கத்தைத் திறந்து முழுதும் படித்துவிட்டுத் தலைப்பு எழுதுகிறவர், கீவேர்டை மட்டும் பார்த்து எழுதுகிறவரைவிடக் குறைவாகச் சம்பாதிக்கிறார். செய்ய வேண்டிய மாற்றம் பெரிதல்ல. ஷீட்டில் முகவரிக்கு அடுத்த பத்தியாக, ‘இந்தப் பக்கம் யாருக்கு, எதைச் சொல்கிறது’ என்று பக்கத்தைப் படித்தவர் தமிழில் எழுதிய ஒரு வாக்கியம் வரட்டும். கீவேர்ட் அதற்குப் பின்னால் வரட்டும். எண்ணிக்கைப் பத்தியை எடுத்துவிட்டு, கைப்பேசி அகலத்தில் தலைப்பும் குறிப்பும் எப்படித் தெரிகின்றன என்ற முன்தோற்றத்தை வைக்கட்டும். அந்த வாக்கியம் எழுதுவதற்கும் சேர்த்து ஊதியம் கணக்கிடட்டும். செலவு கூடும், ஒரு பக்கத்துக்கு ஆகும் நேரம் இரண்டு மடங்காகலாம். கட்டண விலக்கு தனக்கு உண்டா என்று தேடுகிற மாணவருக்காக அந்தச் செலவைச் செய்யத்தான் வேண்டும், குறிப்பாக அரசுத் துறைகளும் பல்கலைக்கழகங்களும் தங்கள் தமிழ்ப் பக்கங்களுக்கு ஒப்பந்தம் விடும்போது.